அருவிக்கு ஜவாப்தாரி

மழை வராததற்காக மன்னிப்புக் கேட்ட மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். மழை வந்தபோது அதற்காகவும் அவரே மன்னிப்புக் கேட்டார்.

எழுபதுகளின் கடைசியில், நர்ஸ் பயிற்சி முடித்த கையோடு, என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். சந்தவாசலில் பிறந்து வளர்ந்தவள் நான். மலை என்றால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரிகிற நீலச் சுவர். அதன் மேலே ஜனங்கள் இருக்கிறார்கள், சந்தைக்குப் புளியும் தேனும் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ் இருந்தது. அங்கிருந்து எனக்கு ஒதுக்கிய ஊருக்கு மண் ரோட்டில் நடைதான். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் முன்னால் போக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னை இங்கே அனுப்பியவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். நடுமத்தியானத்தில் பனி இறங்கிவிட்டது. முன்னால் போன ஆள் மறைந்து, பெட்டி மட்டும் தனியாக மிதந்து போனது.

ஊர் எல்லையில், அந்தப் பனிக்குள்ளிருந்து கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வெளிப்பட்டார். கோட்டுக்குக் கீழே முழங்கால்வரை வேட்டி. செருப்பில்லாத கால். தலையில் துண்டு. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். அந்தக் கைகளைக் கூப்பினார்.

"பனி கொஞ்சம் ஜாஸ்தியா போச்சுங்க நர்ஸம்மா. மொதமொதல்ல வர்றீங்க, ஊரு ஒண்ணுமே தெரியல. மனசுல வெச்சுக்காதீங்க."

ஒன்று, இந்த ஆளுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மலையில் ஊர்ப் பெரியவரை நாட்டார் என்பார்கள். அவரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் நானும் இங்கே சொல்லவில்லை. சண்டை வந்தால் தீர்த்து வைப்பது, கல்யாணம் பேசுவது, திருவிழாவுக்கு நாள் குறிப்பது இதெல்லாம் நாட்டார் வேலை. ஊருக்குள் யார் கால் வைத்தாலும் அவர் நாட்டாரின் விருந்தாளி என்பதும் அங்கே வழக்கம். சோறு போட வேண்டும், படுக்கப் பாய் கொடுக்க வேண்டும். மற்ற ஊர் நாட்டார்கள் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் வழக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார். சாப்பிட வந்த விருந்தாளிக்குச் சோறு இல்லையென்றால் நாட்டாருக்கு அவமானம். அப்படியானால் பார்க்க வந்த விருந்தாளிக்கு மலை தெரியவில்லையென்றால், அருவியில் தண்ணீர் இல்லையென்றால், அது மட்டும் யாருக்கு அவமானம்?

"வந்தவங்க கண்ணு பட்டினியா திரும்பக் கூடாதுங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

அந்தக் கோட்டை எப்போதோ ஒரு அதிகாரி கொடுத்துவிட்டுப் போனாராம். அதன் கைகள் அவருக்கு நீளம் போதாது. பொத்தான்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. வெளியூர் ஆள் வருகிறார் என்று தெரிந்தால் சித்திரை வெயிலாக இருந்தாலும் அதை மாட்டிக்கொள்வார். கோட்டு போடாமல் அவர் வெளியே நடமாடினால் அன்றைக்கு ஊருக்கு விருந்தாளி யாரும் இல்லை என்று அர்த்தம்.

விருந்தாளிகள் அப்படியொன்றும் கூட்டமாக வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேர். லீவில் வரும் காலேஜ் பையன்கள். எங்கேயோ கேள்விப்பட்டு வரும் புதுசாகக் கல்யாணமானவர்கள். அவர்களுக்குக் காட்ட ஊரைச் சுற்றி மூன்று இடம் இருந்தது. கிழக்கே ஒரு பாறை, வடக்கே கல் வீடுகள், மேற்கே அருவி.

பாறைமேல் போய் நின்றால் மலை சட்டென்று முடிந்துபோய், கீழே சமவெளி விரிந்து கிடக்கும். தெளிவான நாளில் சந்தவாசல் பக்கத்து ஏரிகள் பளபளக்கும். எங்கள் வீட்டுக் கூரைகூடத் தெரிகிறது என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு, வீட்டு ஞாபகம் வந்தால் அங்கே போய் நிற்பேன். ஒரு தடவை திருப்பத்தூரிலிருந்து புருஷன், பெண்சாதி, மாமியார் என்று மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து பனி மூடிக்கொண்டது. நாட்டார் அவர்களைப் பாறைமேல் உட்கார வைத்து, சுட்ட பலாக்கொட்டையைக் கையில் கொடுத்து, இதோ விலகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது விலகுகிற வழியாக இல்லை. கடைசியில் பாறை ஓரத்துக்குப் போய், பனியைப் பார்த்து மெதுவாக ஏதோ பேசிவிட்டு வந்தார். திட்டினீர்களா என்று கேட்டேன்.

"சேச்சே. வந்தவங்க ரொம்ப நேரமா உக்காந்துக்கீறாங்கன்னு சொன்னேன்" என்றார்.

பனி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று பேரும் பஸ்ஸை விட்டுவிட்டு, நாட்டார் வீட்டிலேயே படுத்தார்கள். மாமியார் தூங்கும் வரைக்கும் முணுமுணுத்ததாகக் கேள்வி. காலையில் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது வானம். அந்த மாமியார்தான் முதலில் பாறையேறி, தூரத்தில் ஏதோ ஒரு புள்ளியைக் காட்டி, அதுதான் என் பிறந்த ஊர், அதுதான் என் பிறந்த ஊர் என்று மருமகளைப் பிடித்து உலுக்கினாள். அது அவள் ஊராக இருக்க முடியாது. அவள் ஊர் மலைக்கு மேற்கே, அவள் காட்டியது கிழக்கே. ஆனால் யாரும் திருத்தவில்லை. பந்தியில் இரண்டாவது தடவை சோறு கேட்கிறவரைப் பார்ப்பது போல நாட்டார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் வீடுகள் வேறு மாதிரி. பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வாசல் விட்டு, எந்தக் காலத்திலோ யாரோ கட்டி வைத்தவை. அவை குள்ளர்களின் வீடு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாட்டார் அங்கே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனால் பத்தடி தள்ளியே நிறுத்திவிடுவார். "வெளியூர்க்காரங்க வந்துக்கீறாங்க. பாத்துட்டு உடனே போய்டுவாங்க" என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகுதான் கிட்டே விடுவார். குடியிருப்பவர்களைக் கேட்காமல் வீட்டுக்குள் நுழைவது எந்த ஊர் மரியாதை?

ஒரு காலேஜ் பையன் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காத்திருக்காமல் தவழ்ந்து உள்ளே போய்விட்டான். உள்ளே கட்டெறும்புப் புற்று. போன வேகத்தில் திரும்பி வந்தவன் மேல்கல்லில் நெற்றியை இடித்துக்கொண்டான். நான்தான் மருந்து போட்டேன். பக்கத்தில் நின்ற நாட்டார் முதலில் குள்ளர்கள் சார்பில் பையனிடம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சாயங்காலம் தனியாகப் போய், பையன் சார்பில் குள்ளர்களிடமும் கேட்டுக்கொண்டார் என்று அவர் மனைவி சொன்னாள்.

இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஒரு தடவை அவர் எல்லை மீறிப் போய்விட்டார் என்று கோபமே வந்தது. காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்ப்பதற்கென்று பெரிய தொலைநோக்கி வைத்திருந்தார்கள். எங்கேயோ தூர தேசத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள், தினமும் மேகம் மூடிக்கொள்வதால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தையில் யாரோ சொல்லி, அது நாட்டார் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, காவலூருக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். காவலூர் ஒன்றும் பக்கத்துத் தெரு இல்லை. அவருக்கு அப்போது முட்டிவலி வேறு. நான் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் கிடந்த மனிதர்.

திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். காவலூர் உங்கள் ஊரா, அந்த வானம் உங்கள் வானமா என்று கேட்டேன்.

"வானம் என்ன, ஊர் ஊருக்குத் தனித்தனியாவா கீது நர்ஸம்மா?" என்றார்.

அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். டீ கொடுத்திருக்கிறார்கள், பழத்தை அறுத்து எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள், அவரையும் ஒரு குழாய் வழியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன தெரிந்தது என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. ஆனால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன், பாவம், ஆசையாகக் காட்டினார்கள் என்றார். அதற்குப் பிறகு அவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

கோபப்படுவதற்கென்றே ஊரில் இன்னொருவர் இருந்தார். நாட்டாரின் தங்கை. புருஷன் இல்லை, ஒரே மகள். அருவிக்கு மேலே, ஓடையை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் நிலம். அருவியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது கேட்பாரில்லாமல் கொட்டும். ஆனால் அந்த மாதங்களில் மண் ரோடு சேறாகிவிடும், ஒரு ஆள் வர மாட்டான். கல்யாணத்துக்குச் சமைத்த சோறு ஆள் வராமல் மிஞ்சிக் கிடப்பதைப் பார்க்கிற மாதிரி, நாட்டார் போய் அந்த அருவியைப் பார்த்து நின்றுவிட்டு வருவார். விருந்தாளிகள் வருவதெல்லாம் கோடையில். கோடையில் ஓடையில் வருகிற கொஞ்சத் தண்ணீரையும் தங்கை மேலே மண் அணை போட்டு நிறுத்தி, கேழ்வரகுக்குப் பாய்ச்சுவாள். கீழே வெறும் பாறைதான்.

விருந்தாளி வந்துவிட்டால் நாட்டார் மேலே போய் கெஞ்சுவார். தங்கை வாய்க்கு வந்தபடி பேசுவாள். அண்ணனின் ஒவ்வொரு விருந்தாளியும் குளிப்பது தன் வீட்டுக் கூழில்தான் என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. சொல்லி முடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அணைக்குப் போவாள். கீழே நாட்டார் விருந்தாளிகளிடம் எதையும் மறைக்க மாட்டார். உலையில் அரிசி போட்டாயிற்று என்பது போல, "அருவி வந்துக்கிட்டே கீதுங்க, கொஞ்சம் இருங்க" என்பார். அருவி வரும். ஒரு குளியல் நேரம் கொட்டும். பிறகு மேலேயிருந்து தங்கையின் குரல் கேட்கும்.

"பாத்தாச்சா? மூடலாமா?"

தலையில் சீயக்காயோடு நின்ற ஒரு மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டதும், நாட்டார் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டதும் நடந்தது.

இனிமேல் சொல்லப் போவதில் எனக்கும் பங்கு உண்டு.

மலையில் பிரசவ வலி வந்தால் டோலிதான். மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் பெண்ணைப் படுக்க வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு நடப்பார்கள். அங்கேதான் ஆஸ்பத்திரி. நான் பக்கத்திலேயே ஓடுவேன். தங்கையின் மகளுக்கு வலி வந்தபோது பாதி வழியில் இனி தாங்காது என்று தெரிந்துபோயிற்று. டோலியை ஒரு புளியமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, ஆண்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அங்கேயே பார்த்தேன். குழந்தை நன்றாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அது நிற்கும் வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. அந்தப் பெண் பிழைத்ததற்குக் காரணம் நான் படித்த படிப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அந்த ஊருக்கு பஸ் வந்தே ஆக வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ஜமுனாமரத்தூருக்கு எந்த அதிகாரி வந்தாலும் போய் நின்று கேட்பேன்.

அடுத்த வருஷம் சித்திரையில், பஸ் விஷயம் பார்க்கிற அதிகாரி ஒருவர் ஜமுனாமரத்தூருக்கு வந்திருந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ரோடு பரவாயில்லை, ஆனால் பஸ் விட்டால் ஏற ஆள் வேண்டுமே என்றார். பார்க்கிற மாதிரி ஏதாவது இடம் இருந்தாலாவது லீவு நாளில் கூட்டம் வரும் என்றார். அருவி இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். சித்திரை மாதம் என்பது வாயிலிருந்து வார்த்தை போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

எனக்குப் பெரிய கவலை இல்லை. நாட்டார் இருக்கிறார், தங்கை இருக்கிறாள், திட்டு வாங்கினால் அருவி வந்துவிடும். ஆனால் அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மேலே போன நாட்டார் தங்கையின் கண்ணில் படாமல், கேட்காமலே திரும்பி வந்துவிட்டார். அந்த வருஷம் மழை மோசம். அணையில் தேங்கியிருந்தது ஒரே ஒரு பாய்ச்சலுக்கான தண்ணீர். கேழ்வரகுக் கதிரில் பால் ஏறுகிற சமயம். அதற்கு அந்தத் தண்ணீர் போகாவிட்டால் தங்கை வீட்டில் வருஷம் முழுக்க அடுப்புக்குப் பதில் சொல்ல முடியாது.

"இது கேக்குற தண்ணி இல்லீங்க நர்ஸம்மா" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர் சுற்ற வருகிறவனுக்கெல்லாம் திறந்துவிடத் தெரிந்தது, பஸ்ஸுக்கு மட்டும் மனசு வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானே மேலே போனேன். தங்கை களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கேட்கவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை, பயிர் அப்படிப் பச்சையாக நின்றது. அவள் நிமிரவே இல்லை.

"தெனம் வந்து கெஞ்சுறவன் இன்னிக்கு ஏன் வரல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு களையைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் ஜீப் வந்தது. நாட்டார் கோட்டு போட்டு எதிர்கொண்டு, அதிகாரியை அருவிக்குக் கூட்டிப் போனார். உள்ளதிலேயே நல்ல நிழல் இருந்தது அருவி விழுகிற இடத்துக்கு நேர் கீழே இருந்த பாறையில்தான். அதில் அவரை உட்கார வைத்து, மந்தாரை இலையில் பலாச்சுளையும் தேனும் வைத்துக் கொடுத்தார். மேலே பாறை காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்துக் குழியில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு தவளையும் இருந்தன. அதிகாரி பாறையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

நாட்டார் கைகூப்பிக்கொண்டு முன்னால் போய் நின்றார். கோட்டுக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஐயா, உள்ளதைச் சொல்லிடறேன். இந்த மாசத்துல இங்க அருவி கெடையாதுங்க. மேல கொஞ்சம் தண்ணி கீது, அது பயிருக்கு. மத்த நாள்ல கேட்டு வாங்கித் தொறந்து வுட்டுக்கீறேன். இன்னிக்குக் கேக்க மனசு வரலீங்க. நீங்க வந்த நேரம் பாத்து இப்பிடி ஆய்ப்போச்சு. இல்லாத அருவியைக் காட்ட என்னால ஆவாதுங்க. மனசுல..."

முதலில் மேலேயிருந்து சருகு விழுந்தது. தவளைகள் குழியை விட்டுக் குதித்து ஓடின. என்னவென்று நாங்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள், செம்மண் கரைந்த தண்ணீர், அணையின் மண்கட்டியும் புல்லும் சருகுமாக, மொத்தமாக அதிகாரியின் தலைமேல் இறங்கியது. இலை ஒரு பக்கம் போனது, பலாச்சுளை ஒரு பக்கம் போனது. அவர் எழுந்திருக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மட்டும் மூக்கில் இருந்தது. மேலேயிருந்து, எங்களுக்கெல்லாம் நன்றாகப் பழகிய குரல் வந்தது.

"அண்ணா, ஐயா பாத்தாச்சா? மூடலாமா?"

நாட்டாரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அருவி இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் அருவி வந்துவிட்டால் என்ன செய்வார்? கையை இன்னும் உயர்த்திக் கூப்பினார்.

"ஐயா, தண்ணி வந்துடுச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க அவரிடம் காய்ந்த துணி எதுவும் இல்லை. சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்க, ரொம்ப நேரம் சிரித்தார். அதற்குள் முழங்கால்வரை சேறோடு, கையில் மண்வெட்டியோடு தங்கையே இறங்கி வந்துவிட்டாள்.

இது யார் என்று அதிகாரி கேட்டார். என் தங்கை என்றார் நாட்டார். தண்ணீர் யாருடையது? அதுவும் அவளுடையதுதான் என்றார்.

அவள் அண்ணனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக அதிகாரியிடம் போனாள்.

"அருவி பாத்தீங்க இல்ல? எம் பொண்ணு மொதப் புள்ளைய ரோட்டுல புளியமரத்தடியில பெத்தா. பொழச்சது சாமி புண்ணியம். இப்ப மறுபடி முழுவாம கீறா. இந்தத் தடவையாவது பஸ்ஸுல போவட்டும். வுடுவீங்களா, மாட்டீங்களா?"

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டார். தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டு, இன்னும் கொட்டிக்கொண்டிருந்த அருவியை அண்ணாந்து பார்த்தார்.

"மொதல்ல போய் அதை மூடும்மா. பயிருக்கு உள்ள தண்ணி போயிட்டே இருக்கு" என்றார்.

தங்கை ஓடினாள். நாட்டாரும் ஓடினார், நானும் ஓடினேன். கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது. பாதிப் பயிருக்கு அது போதும். அதிகாரியும் பின்னாலேயே ஏறி வந்து, கதிர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றார். நனைந்த சட்டையில் மலைக்காற்று பட்டு நடுங்கினார். நாட்டார் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். எங்கள் நாட்டாரின் கோட்டு, சம்பந்தமில்லாத பொத்தான்களோடு, ஜீப்பில் ஏறி மலையிறங்கிப் போனது. பஸ் விடுவதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். அந்த வருஷம் தங்கை வீட்டுக் கேழ்வரகு பாதிதான் வந்தது. மீதிக்கு நாட்டார் வீட்டுச் சாமை அவள் வீட்டு அடுப்பில் வெந்தது. அதை வாங்கும்போதெல்லாம் அவள் திட்டினாள், கொடுக்கும்போதெல்லாம் அவர் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். விருந்தாளிகள் வந்தார்கள். கோட்டு இல்லாத நாட்டார் அவர்கள் முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கோட்டு போனது போனதுதான், பஸ்ஸும் அப்படித்தான் என்று நான் கைவிட்டுவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு காலை, மண் ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. ஊரே ஓடியது. புழுதியும் மாலையுமாக பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, இங்கே நாட்டார் யார் என்று கேட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே கோட்டு. வெளுத்து, இஸ்திரி போட்டு, அத்தனை பொத்தானையும் ஒரே மாதிரியாக மாற்றித் தைத்திருந்தது. நாட்டார் அதை அங்கேயே போட்டுக்கொண்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பேரும் மலை வளைவுகளில் வந்த மயக்கத்தில் ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பொத்தான் கோட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், வளைவு கொஞ்சம் ஜாஸ்தி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அதே பஸ் திரும்பும்போது தங்கையின் மகள் ஏறினாள். மாதம் நெருங்கியிருந்தது, முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் விட்டுவிடலாம் என்று நானும் கூடப் போனேன். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் புறப்படுகிற வரைக்கும் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தாள். எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆஸ்பத்திரியில், கட்டிலில், பெண் குழந்தை பிறந்தது. புளியமரத்தை நினைத்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேற்றில் திணறிக்கொண்டே பஸ் வந்தது, பஸ்ஸில் ஆட்களும் வந்தார்கள். மழைக்காலத்தில் அந்த ஊருக்கு விருந்தாளி வந்தது அதுதான் முதல்முறை. நாட்டார் கோட்டு போட்டு, ஒரு கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர்களை அருவிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

பாறையே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் வெள்ளையாகக் கொட்டியது. சாரல் நாங்கள் நின்ற இடம் வரைக்கும் அடித்தது. வந்தவர்கள் அண்ணாந்தபடியே நனைந்தார்கள். தங்கையைக் கெஞ்ச வேண்டியதில்லை, காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை, மூடலாமா என்று கேட்க மேலே யாரும் இல்லை. இத்தனை வருஷம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அருவியை நாட்டார் இன்றைக்குத்தான் நாலு பேருக்குப் பரிமாறுகிறார். இன்றைக்கு இந்த மனிதர் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பார்த்தால், விருந்தாளிகளின் முன்னால் போய்க் கைகூப்பி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். அருவிச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. திரும்பி வருகிற வழியில் கேட்டேன், இன்றைக்கு என்ன குறை கண்டுபிடித்தீர்கள் என்று.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கீது இல்லீங்களா நர்ஸம்மா? ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்கல. அதான், மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு அதுவும் கேட்டுதோ இல்லியோ" என்றார்.